"அவருக்கு அதெல்லாம் எறங்காது"

ஜெலுத்தோங் பசாரில் கீரைக் கட்டுகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்த வாக்கியம் காதில் விழுந்துவிடும். ஒரு பெண் தனக்குப் பழக்கமில்லாத ஏதோ ஒரு கீரையைக் கையில் எடுப்பார். முகர்ந்து பார்ப்பார், எப்படிச் சமைப்பது என்று கடைக்காரரிடம் கேட்பார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க வீட்டுக்காரருக்கு அதெல்லாம் எறங்காது" என்று சொல்லித் திருப்பி வைத்துவிட்டு, வழக்கமான பயற்றங்காயையும் முட்டைக்கோஸையும் வாங்கிக்கொண்டு போவார்.

இருபத்திரண்டு வருஷம் என் வீட்டில் நடந்ததும் இதுதான். அந்த 'வீட்டுக்காரர்' நான். ஆகவே இந்த வாக்கியத்தை மறுத்து எழுதும் கடமை மற்றவர்களைவிட எனக்கே அதிகம்.

நான் மறுக்கும் கருத்து என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய நாக்கு சின்ன வயதில் அம்மா சமையலில் படிந்துவிடும், அதற்கப்புறம் மாறாது என்கிறார்கள். மாறாததால், வீட்டில் சமைப்பவர்தான் அதை அனுசரித்துப் போக வேண்டுமாம். புதிதாக எதையாவது செய்து பார்க்க ஆசை வந்தால், மறைத்துக் கலந்தோ, கெஞ்சியோ, அவர் நல்ல மனநிலையில் இருக்கிற நேரம் பார்த்தோ பரிமாற வேண்டுமாம். 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்ற பழமொழியை இதற்கு முட்டுக் கொடுக்கிறார்கள். பெரியவர்கள் இதை அனுபவ ஞானமாகச் சொல்கிறார்கள். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் 'கணவரை அசத்த' என்று தலைப்புப் போட்டு இதையே திரும்பச் சொல்கிறார்கள். அசத்தப்பட வேண்டியவர் ஏன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. இந்தக் கருத்து அடியிலிருந்து நுனிவரை தவறு என்பது என் வாதம்.

உலகத்தில் வேறு எங்கே இருந்துகொண்டு சொன்னாலும் சொல்லலாம், பினாங்கில் இருந்துகொண்டு நாக்கு மாறாது என்று சொல்லக்கூடாது. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியில் மாலை ஆறரை மணிக்கு நடைபாதையில் நடந்தால், ஒரு கதவிலிருந்து பெலாச்சான் என்ற இறால் கட்டி வறுபடும் வாடை வரும். அடுத்த கதவில் பூண்டும் சோயாவும், அதற்கடுத்து கடுகும் கறிவேப்பிலையும் வெடிக்கும் தாளிப்பு. மூன்று இனத்தார் ஒரே சுவரின் இரு பக்கமும் சமைக்கிறோம். வாடை சுவரைத் தாண்டி வந்துவிடுகிறது. தட்டு மட்டும் தாண்டுவதில்லை.

என்னையே சாட்சிக்கு அழைக்கிறேன். வீட்டில் எனக்கு இரவு உணவென்றால் சோறு, சாம்பார் அல்லது மீன் குழம்பு, ரசம், பொரித்த மீன், ஒரு பொரியல். பொரியலில் முட்டைக்கோஸ், பயற்றங்காய், கத்தரிக்காய் மூன்றுக்கு மேல் நான்காவது காய் கிடையாது. ரசம் வழிந்து பொரியலில் பட்டுவிட்டால் அந்தப் பக்கத்தைத் தொடமாட்டேன். அதே நான் மதியம் நாசி கண்டார் கடையில் வரிசையில் நின்று, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கணவாய்க் குழம்பு மூன்றையும் ஒரே சோற்றின்மேல் 'பஞ்சிர்' என்று சொல்லி ஊற்றச் சொல்வேன். பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். எந்தக் குழம்பு எதில் கலந்தது என்று அங்கே நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஈத்தாம் போனால் அசாம் லக்சா. கெம்போங் மீனும் புளியும் கொதித்த சாறு, புங்கா காந்தான் மொட்டு, கெசும் இலை, மேலே ஒரு கரண்டி கறுப்பு இறால் பசை. அந்தப் பசையின் வாடை ஒரு நாள் என் அடுக்களையில் வந்திருந்தால் சாப்பிடாமலே எழுந்து போயிருப்பேன். கடையில் இன்னும் ஒரு கரண்டி கேட்பேன்.

நாக்கு ஒன்றுதான். ஆயர் ஈத்தாமில் விரிந்த நாக்கு சுங்கை பினாங்கு வீட்டு வாசலைத் தாண்டியதும் சுருங்கிக்கொண்டது என்றால், கோளாறு நாக்கில் இல்லை. கடைக்காரர் முன்னால் எனக்கு மறுக்கும் அதிகாரம் கிடையாது. மனைவி முன்னால் இருந்தது. நான் ருசி என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்த அதிகாரத்தைத்தான்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. "வெளியே ஆயிரம் சாப்பிடலாம், வீட்டுக்கு வந்தால் மனசு பழகினதைத்தான் தேடும். வீட்டுச் சாப்பாடு என்பது நிம்மதி. அதில் போய்ப் பரிசோதனை எதற்கு?" உண்மைதான். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்குப் புளிக் குழம்பின் மணம் ஒரு ஆறுதல். ஆனால் அந்த ஆறுதல் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். என் மனைவி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்கிறவர். 1972இல் அந்தத் தொழில் பேட்டை தொடங்கிய நாளிலிருந்தே எங்கள் ஊர்ப் பெண்கள் ஷிஃப்ட் பஸ்ஸில் போய் வருகிறார்கள், வந்ததும் அடுப்பைப் பற்ற வைக்கிறார்கள். அவரும்தான் களைத்து வருகிறார். அவர் மனசும் பழகினதைத் தேடும். அவர் பழகின சாப்பாடு எது?

அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். என் மனைவி தைப்பிங்காரர். அவர் அம்மா வீட்டில் மீன் குழம்புக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். கெடா தோட்டத்திலிருந்து வந்த எங்கள் வீட்டில் ஊற்றமாட்டோம். அவர்கள் சாம்பாரில் வெல்லம் கிள்ளிப் போடுவார்கள், எங்களுக்கு அது ஆகாது. கல்யாணமாகி ஒரு மாதத்துக்குள் அவர் எங்கள் வீட்டுக் குழம்பை எங்கள் வீட்டு மாதிரியே வைக்கக் கற்றுக்கொண்டார். "மருமகளுக்குக் கைப்பக்குவம் வந்துடுச்சு" என்று என் அம்மா சொந்தக்காரர்களிடம் சந்தோஷமாகச் சொன்னார். எல்லாரும் கை என்றுதான் பேசினோம். அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு ஒரு நாக்கும் இருந்தது என்பது எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

நாக்கு மாறாது என்பது இயற்கையின் விதியானால், கல்யாணமான ஒவ்வொரு பெண்ணின் நாக்கும் எப்படி மாறியது? மாமியார் வீட்டு உப்புக்கும் புளிப்புக்கும் காரத்துக்கும் பழகிக்கொள்ளாத மருமகளைப் பார்த்து, "பாவம், அவளுக்கு அதெல்லாம் எறங்காது" என்று எந்தப் பெரியவராவது சொல்லியிருக்கிறாரா? அவளிடம் 'பழகிக்கோம்மா' என்பார்கள். பழகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும், பழகியும் விடுகிறது. ஆக, நாக்கு மாறும் என்பதை நம் சமூகம் அறியாமல் இல்லை. பாதிப் பேர் விஷயத்தில் மட்டும் அதை ஒப்புக்கொள்கிறது.

'அம்மா சமையல்' என்று நான் கட்டிக்கொண்டு அழுததற்கே வருவோம். என் அம்மா செய்யும் நெத்திலிச் சம்பாலுக்கு நிகரில்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் சம்பால் மலாய்க்காரர்களின் பண்டம். தோட்டத்தில் பக்கத்துக் கம்போங்கிலிருந்து வந்த ஒரு பெண்மணியிடம் கற்றதாக அம்மாவே சொல்லியிருக்கிறார். அவர் அதை முதன்முதலாக வீட்டில் செய்த அன்று அப்பா முகம் சுளித்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது. சுளித்ததோடு அம்மா நிறுத்தியிருந்தால், எனக்கு அந்தச் சம்பால் பாரம்பரியமாக வந்து சேர்ந்திருக்காது.

இந்த ஊரின் சமையல் முழுவதுமே இப்படி வந்ததுதான். 1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கியதற்குப் பிறகு, தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களும் தொழிலாளிகளும் இங்கே தங்கினார்கள். காவடித் தண்டின் இரு முனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுச் சுமந்து விற்றார்கள். கண்டார் என்ற பெயர் அந்தத் தண்டினால் வந்தது. 1907இல் தொடங்கிய ஹமீதியா நாசி கண்டார் கடை இன்றும் கேம்பல் சாலையில் இருக்கிறது. சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் தவ்ஹூவும் போட்டுக் கிளறி மீ கோரேங் ஆக்கியவர்களும் நம் ஆட்களே. நூடுல்ஸ் நமக்கு எறங்காது என்று அவர்கள் ஒதுங்கியிருந்தால், பினாங்கின் அந்தத் தட்டு இருந்திருக்காது.

இன்னும் பின்னால் போகலாம். மிளகாய் தமிழ் மண்ணின் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் வந்தது. அதற்குமுன் நம் சமையலின் காரம் மிளகில்தான் இருந்தது. மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தெரியாததைத் தெரிந்ததன் பெயரால் அழைத்து அடுக்களைக்குள் சேர்த்த அந்த முதல் தலைமுறையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் தட்டைத் தள்ளியிருப்பார். தள்ளினவர் பேச்சு அன்று எடுபடவில்லை.

மிளகாயைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் செய்த ஆய்வு ஒன்று உண்டு. மெக்சிகோவில் ஒரு மலைக்கிராமத்தில் தங்கி, பிள்ளைகள் எப்படிக் காரத்துக்குப் பழகுகிறார்கள் என்று பார்த்தார். 1980இல் அதை எழுதினார். யாரும் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தவில்லை, பரிசும் கொடுக்கவில்லை. பெரியவர்கள் தின்பதைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுத் தின்று, ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுக்குள் தாங்களே கேட்டு வாங்கித் தின்ன ஆரம்பித்தார்கள். அந்த ஊர் நாய்களும் பன்றிகளும் தினமும் அதே மிளகாய் கலந்த மிச்சத்தைத்தான் தின்றன. ஆனால் காரமில்லாததையும் சேர்த்து வைத்தால் காரமில்லாததைத்தான் தேடிப் போயின. எரிச்சலை ருசியாக மாற்றிக்கொள்வது மனிதனுக்கு உள்ள திறமை. காரக் குழம்பு சாப்பிடும் ஒவ்வொரு தமிழனும் அந்தத் திறமையை ஏற்கெனவே நிரூபித்தவன். பிறவியிலேயே மிளகாய் பிடித்த குழந்தையை நான் பார்த்ததில்லை.

"அது பிள்ளைகளுக்கு. வளர்ந்த நாக்கு வேறு" என்பார்கள். வளர்ந்தவர்களை வைத்தும் பார்த்திருக்கிறார்கள். 1982இல் கேரி போசாம்ப் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்கள் சிலரை ஐந்து மாதம் உப்புக் குறைந்த உணவில் வைத்தார்கள். முதலில் சப்பென்று இருந்தது. மாதங்கள் போகப் போக, அவர்கள் விரும்பும் உப்பின் அளவே குறைந்துவிட்டது. 'நாக்கு செத்துப்போச்சு' என்று நாம் சொல்கிறோமே, பத்தியச் சாப்பாட்டின் முதல் வாரத்தில்? சாகவில்லை, நகர்ந்துகொண்டிருக்கிறது. மலேசியத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் ருசிப் பேச்சு இல்லை. சுகாதார அமைச்சின் 2019 தேசிய உடல்நல ஆய்வில் வளர்ந்தவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, இந்தியர்களை மட்டும் எடுத்தால் பத்துக்கு மூன்று பேருக்கு மேல். மருத்துவர் 'வெள்ளைச் சோற்றைக் குறையுங்கள்' என்று எழுதிக் கொடுத்த காகிதத்தை அடுக்களையில் மாட்டிவிட்டு, 'அவருக்கு வேற எதுவும் எறங்காது' என்று சொல்லி அதே அளவுச் சோற்றை வடிக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

நாக்குக்கு நாக்கு வித்தியாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு தூளைக் கொட்டியபோது, பக்கத்தில் இருந்தவருக்கு அது கசந்தது, அவருக்குக் கசக்கவில்லை. கசப்பை உணர்வதில் பிறவி வித்தியாசம் உண்டு என்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. புதிய உணவைக் கண்டு தயங்கும் குணத்தில் பரம்பரையின் பங்கு பெரியது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் சொல்கின்றன. சிலருக்குச் சில உணவின் தன்மையே வாயில் பட்டால் குமட்டும், அது வீம்பில்லை, மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயமாகவும் இருக்கலாம். அவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. ஆனால் தயக்கம் பரம்பரையாக வருவது வேறு, தயக்கத்தைத் தீர்ப்பாக அறிவிப்பது வேறு. கூச்ச சுபாவத்தோடு பிறந்தவனும் பேசக் கற்றுக்கொள்கிறான். வெளியே லக்சா தின்கிற எனக்கு இந்தச் சலுகை எதுவும் பொருந்தாது.

சரி, நாக்கு மாறும் என்று ஒப்புக்கொண்டவர்களிலும் பலர் அடுத்த படியில் தவறுகிறார்கள். மாற்றும் வேலையை மனைவி தலையில் கட்டுகிறார்கள், அதுவும் தந்திரமாக. காய்கறியை அரைத்துக் குழம்பில் ஒளித்து வை, பெயரை மாற்றிச் சொல், சாப்பிட்டால் அவருக்குப் பிடித்த பாயசம் வைத்துக் கொடு. எங்கள் வீட்டில் ஒளித்து வைக்கும் வைத்தியம் ஒருமுறை நடந்தது. பூசணியை அரைத்துச் சாம்பாரில் கலந்திருந்தார். நான் கண்டுபிடித்துவிட்டேன். அதற்கப்புறம் மூன்று மாதம், நன்றாகத் தெரிந்த சாம்பாரைக்கூடக் கரண்டியால் கிளறிப் பார்த்துத்தான் ஊற்றிக்கொண்டேன். அந்தக் கிளறலைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஒளித்துக் கொடுத்தால் நாக்கு எதையும் கற்பதில்லை, சந்தேகத்தை மட்டும் கற்கிறது.

லஞ்சமும் அப்படித்தான். லியான் பர்ச் என்ற ஆய்வாளர் சிறுபிள்ளைகளை வைத்துப் பல ஆண்டு வேலை செய்தவர். இதைக் குடித்தால் அது கிடைக்கும் என்று பரிசு காட்டிக் கொடுத்த பானம், பரிசு நின்றதும் பிள்ளைகளுக்கு முன்னைவிடக் குறைவாகப் பிடித்தது. 1984இல் வந்த ஆய்வு அது. மாறாக, பரிசும் வற்புறுத்தலும் இல்லாமல் திரும்பத் திரும்பக் கொஞ்சம் ருசி பார்க்க வைத்தபோது பிடிப்பு ஏறியது. அவருடைய இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கண்ணால் பார்த்துப் பழகினால் மட்டும் போதவில்லை, வாயில் வைத்துப் பழகினால்தான் ருசி மாறியது. இருபத்திரண்டு வருஷமாக என் மனைவி தனக்காகச் செய்து தட்டில் வைத்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்ததெல்லாம் கணக்கில் சேரவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். நல்ல இறைச்சித் துண்டுகளுக்குத் தட்டுப்பாடு. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளை வீடுகளில் சமைக்க வைக்க வேண்டியிருந்தது. கர்ட் லெவின் என்ற உளவியலாளர் சில பெண்கள் குழுக்களுக்குச் சத்து, தேசபக்தி, செய்முறை எல்லாம் அடங்கிய சொற்பொழிவு ஏற்பாடு செய்தார். வேறு சில குழுக்களைத் தாங்களே கூடிப் பேசி முடிவெடுக்க விட்டார். பேசியவர்கள் முன்வைத்த தடைகளில் ஒன்று சமைக்கும்போது வரும் வாடை, இன்னொன்று புருஷனுக்குப் பிடிக்காது என்பது. சுங்கை பினாங்கில் சொல்வதும் அங்கே சொன்னதும் ஒன்றுதான். பின்னால் விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர் சமைத்திருந்தார்கள், பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம். முடிவில் பங்கெடுத்தவரே மாறுகிறார் என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நான் இதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். பத்து மடங்கு கூடியும் மூன்றில் இரண்டு பேர் வீட்டில் அது சமைக்கப்படவில்லை. புருஷன் ஒரு தடை என்று பேசினார்கள், ஆனால் அந்த அறையில் புருஷன் இல்லை.

அவரை அறைக்குள் கொண்டுவருவதுதான் வழி. அறை என்றால் அடுக்களை.

நான் அங்கே வந்தது நல்லெண்ணத்தால் இல்லை. என் மனைவியின் வேலை மாலை ஷிஃப்டுக்கு மாறியது, இரவுச் சாப்பாட்டுக்கு நானே பொறுப்பு என்றாகிவிட்டது. முதல் வாரம் கடையில் டபாவ் பண்ணி, அதாவது பொட்டலம் கட்டி வாங்கி வந்தேன். இரண்டாவது வாரம் அது சலித்தது. ஒரு நாள் பசாரில் சியாக்காப் என்று இங்கே சொல்லும் கொடுவா மீனைப் பார்த்து நின்றேன். மீன்காரச் சீன அம்மா, இஞ்சியும் தக்காளியும் புளிப்பு ஊறுகாய்ப் பிளம்மும் வைத்து ஆவியில் எப்படி வேகவைப்பது என்று மலாயில் சொன்னார். ஆவியில் வெந்த மீனை அதுவரை என் வாயில் வைத்ததில்லை. அன்று வைத்தேன். ருசியாக இருந்ததா என்று கேட்டால், முதல் நாள் இல்லை. ஆனால் தட்டைத் தள்ளத் தோன்றவில்லை. எந்தத் துண்டில் எது போயிருக்கிறது என்று எனக்கே தெரியும், இஞ்சியை நறுக்கியது என் கை. தெரியாததின் மேல்தான் வெறுப்பு நிற்கிறது என்பதை அப்போது உணர்ந்தேன்.

பெலாச்சானையும் அப்படித்தான் கற்றேன். பச்சையாக முகர்ந்தால் தாங்காது. தீயில் காட்டி, ஓரம் கறுகும்வரை சுட்டால் வேறு ஒரு வாசனை வரும். கருவாடு சுடுகிற வாசனைக்கு அது பக்கத்து வீடு. அதை மிளகாயோடு இடித்துக் காங்கோங் கீரையில் போட்டுக் கிளறினேன். காங்கோங் என்பது வேற்று நாட்டுக் கீரை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது நம் வள்ளைக்கீரை. சங்க இலக்கியத்தில் குளத்து நீரில் படர்ந்து வரும் அதே வள்ளைக் கொடி. நம்முடையதை நான் அந்நியம் என்றும், மலாய்ச் சம்பாலை அம்மாவுடையது என்றும் சொல்லி வந்திருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் புதன்கிழமை புது அயிட்டம். அன்று அவருக்கு விடுமுறை. சேர்ந்து பசாருக்குப் போகிறோம், சேர்ந்து நறுக்குகிறோம். ரசம் எப்போதும் பக்கத்தில் இருக்கும், பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வாயில் வைக்காமல் கருத்துச் சொல்லக்கூடாது. வைத்தபிறகு பிடிக்கவில்லை என்று சொல்ல இருவருக்கும் முழு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பண்டம் அடுத்த இரண்டு புதனும் வரும். எல்லாம் ஜெயித்துவிடவில்லை. பெத்தாய்க் கொட்டையை ஆறு முறை தின்று பார்த்தேன், இன்னும் எனக்கு ஆகவில்லை. அவர் விரும்பிச் சாப்பிடுகிறார். அவருக்கு மட்டும் தனியாக வறுத்துக் கொடுக்கிறேன். இரண்டு பேருக்கு இரண்டு ருசி இருப்பதில் தவறொன்றும் இல்லை. ஒருவர் ருசி மட்டும் சட்டமாவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு புதன்கிழமைக்காக, "உங்க அம்மா வீட்ல ராத்திரிக்கு என்ன செய்வாங்க?" என்று கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, "மரவள்ளித் துளிரு" என்றார்.

என் முகம் மாறியிருக்க வேண்டும். மரவள்ளி எங்கள் வீட்டில் தீண்டாத பொருள். 1941 டிசம்பரிலிருந்து 1945 செப்டம்பர்வரை, ஜப்பான்காரன் காலத்தில், அரிசி கிடைக்காமல் என் பாட்டி மரவள்ளிக்கிழங்கையே தின்று உயிர் பிழைத்தவர். போர் முடிந்ததும் அந்தச் செடி இனி வீட்டு வாசலுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மாவும் சமைத்ததில்லை. எனக்கு அது பிடிக்காது என்றே வளர்ந்தேன், ஒருமுறையும் தின்னாமல். என் மனைவியின் பாட்டியும் அதே பஞ்சத்தில் அதே கிழங்கைத் தின்றவர்தான். அவர்கள் வீட்டில் அது பிள்ளைகளைக் காப்பாற்றிய செடி என்று, போர் முடிந்த பிறகும் கொல்லையில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

அவர் தைப்பிங்கில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டுப் பக்குவம் கேட்டார். இளந்துளிரை நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அதில் விஷம் இறங்கியிருக்கும். பிழிந்து நறுக்கி, நெத்திலியும் சின்ன வெங்காயமும் மஞ்சளும் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால். பிழிந்து கொடுத்தது நான். அவர் கரண்டியில் எடுத்து ஊதி ருசி பார்த்தார், உப்புப் போதாது என்றார், பிறகு ஒன்றும் பேசாமல் இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார்.

முதல் புதன் நான் பாதிதான் சாப்பிட்டேன். இரண்டாவது புதன் கொஞ்சம் கூடுதலாக. நாளைக்கு மூன்றாவது. துளிர் வாங்க விடியற்காலை பசாருக்குப் போக வேண்டும், ஏழரைக்கு மேல் போனால் முற்றல்தான் கிடைக்கும்.